பல் துலக்காத 480 பேர்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த 480 தமிழ் ஆண்களின் வாயை, நார்வேக்காரரான பல் மருத்துவர் ஹரால்ட் லோவின் குழு 1970 முதல் 1985 வரை அவ்வப்போது பரிசோதித்து வந்தது. அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கம் இல்லை. பல் வைத்தியமும் கிடைத்ததில்லை. எல்லார் பல்லிலும் காரை, எல்லார் ஈறிலும் வீக்கம். ஏழைத் தொழிலாளிக்கு வைத்தியம் எட்டாமல் போனதே ஆய்வுக்கு வசதியாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாருக்கும் பல் கொட்டியிருக்க வேண்டுமே? இல்லை. 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக முற்றியது: 35 வயதில் சராசரியாக 12 பல் போயிற்று, 45 வயதில் பொக்கை வாய். 81 சதவீதத்தினருக்கு நிதானமாகப் பரவியது. மீதி 11 சதவீதத்தினருக்கோ ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை.

கிருமி மட்டும் குற்றவாளி இல்லை. அதை விரட்டக் கிளம்பும் உடம்பின் அழற்சியே பல்லைத் தாங்கும் எலும்பையும் சேர்த்துக் கரைக்கிறது. அது எத்தனை மூர்க்கமாக இருக்கும் என்பதில் பரம்பரைக்கும் கை உண்டு. அமெரிக்காவில் 117 ஜோடி இரட்டையரை ஒப்பிட்டு மைக்கலோவிச் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வு, முற்றிய ஈறு நோயில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியைப் பரம்பரைக் கணக்கில் எழுதியது. வெறும் ஈறு வீக்கத்தில் அந்தத் தொடர்பு தெரியவில்லை.

ஒரே மரபணு வாய் முழுவதையும் கவிழ்ப்பது அபூர்வம். கேத்தெப்சின் சி மரபணு பழுதானால் வரும் பாப்பியோன்-லெஃபெவ்ர் நோயில், பாற்பற்களும் பிறகு நிலைப்பற்களும் சிறு வயதிலேயே உதிர்கின்றன.

மன அழுத்தத்தின் கதை வேறு. முதல் உலகப்போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களின் ஈறு அழுகி, ரத்தம் கசிந்து நாறியது. துலக்க வழியில்லை, ஓயாத சிகரெட், தூக்கமில்லை, தலைக்கு மேல் சாவு. எதை முதல் குற்றவாளி என்பது? நெருக்கடி நீடித்தால் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் உயர்ந்து நோய் எதிர்ப்பு தடுமாறுகிறது. மனம் சோர்ந்தவர் பிரஷ்ஷையும் மறக்கிறார், புகையையும் கூட்டுகிறார்.

நியூயார்க் மாநிலத்தின் ஈரி கவுண்டியில் 1,426 பேரை ஆராய்ந்த ஜென்கோ குழுவின் 1999 கட்டுரை இன்னும் சுவாரசியமானது. பணக்கஷ்டத்தில் மனம் குமைந்தவர்களிடம் ஈறு நோய் அதிகம் இருந்தது. அதே கஷ்டத்திலும் சிக்கலை நேராக எடுத்துத் தீர்க்கப் பார்த்தவர்களின் ஈறோ, கஷ்டமில்லாதவர்களின் ஈறைவிட மோசமாக இல்லை.

ஆகவே, அப்பா அம்மாவுக்கு எந்த வயதில் பல் ஆடியது, வீட்டில் என்ன நெருக்கடி என்றெல்லாம் பல் மருத்துவர் கேட்டால், ஊர்வம்பு என்று நினைத்து மழுப்ப வேண்டாம். பதிலைப் பொறுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் கிளீனிங்கை அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றக்கூடும்.