மகப்பேற்று நீதியும் புதுக்கோட்டை முத்துலட்சுமியும்

1994ஆம் ஆண்டு சிகாகோ நகரில் கூடிய கறுப்பினப் பெண்கள் சிலர் தம் கோரிக்கைக்குப் புதியதொரு தொடரை ஆக்கினர். தமிழில் அதனை 'இனப்பெருக்க நீதி' என்பர். இனப்பெருக்கம் என்பது பயிர்நூலும் விலங்குநூலும் வழங்கும் சொல். பெண்ணின் விருப்பம் அதனுள் அடங்காது. ஆதலின் 'மகப்பேற்று நீதி' என்பதே ஏற்புடைத்து. பெறாமையை அச்சொல் நேரே சுட்டாது என்னும் குறை உண்டெனினும் அமைக. மகப்பெறாதிருக்கும் உரிமை, பெறும் உரிமை, பெற்ற மகவை நல்ல சூழலில் வளர்க்கும் உரிமை ஆகிய மூன்றும் அத்தொடரின் பொருளாம்.

தமிழகத்தில் இம்மூன்றும் ஒருவர் வாய்ப் பிறந்தன அல்ல. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி மரபில் வந்த சந்திரம்மாளின் மகள். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவரானார். கோயிலுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டும் வழக்கை ஒழிக்க அவ்வாண்டே தீர்மானம் கொணர்ந்தார். ஒரு சிறுமியின் உடலும் அவள் பெறப்போகும் மக்களும் அவள் இசைவின்றியே முடிவு செய்யப்படுதலை அவர் எதிர்த்தார் என்றே இதனைக் கொள்ளுதல் வேண்டும். முழுத் தடைச்சட்டம் வந்தது 1947இல்.

ஆயின் அவரே செயற்கைக் கருத்தடையை ஏற்றிலர், தன்னடக்கத்தையே வற்புறுத்தினார். மருத்துவரொருவர் இந்நிலை கொண்டமை வியப்பைத் தரலாம். உடலை ஆடவர் நுகர்பொருளாக்கிய மரபொன்றினைத் தாய்வழியே அறிந்தவர்க்கு, அக்கருவி ஆடவர்க்கே மேலும் உரிமை தருவதாகத் தோன்றியிருத்தல் கூடும். இது எம் ஊகமே.

மற்றொரு குரல் சுயமரியாதை இயக்கத்தினின்று எழுந்தது. பிறர் உடல்நலம், நாட்டின் வறுமை, குடும்பச் சொத்து ஆகியன காட்டிக் கருத்தடையைப் பரிந்துரைக்க, பெரியாரோ பெண்ணின் விடுதலையொன்றே காரணமாகக் கூறினார். பாரதிதாசனும் 'தவிப்பதற்கோ பிள்ளை' என்னும் பாட்டில் இப்பொருளைப் பாடினார்.

இவ்வேறுபாடு சிறிதன்று. 1956இலேயே சென்னை அரசு அறுவை செய்துகொள்ளும் ஏழையர்க்குப் பணம் அளிக்கத் தொடங்கியது. 1975–77 நெருக்கடிநிலைக் காலத்தில் வட இந்தியாவில் வன்முறையும் புகுந்தது. அவ்விரண்டிலும் மக்கள்தொகைக் கணக்கு நின்றது, விடுதலை நிற்கவில்லை. அறுவைக்கு எண்ணிலக்கு விதிக்கும் முறையை நடுவணரசு நாடு முழுதும் கைவிட்டது 1996இல்தான். அதன்பின்னும், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்டிருள் நூற்றுக்கு 37.9 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர். கணவன் அறுவை செய்துகொண்டது நூற்றுக்கு 0.3 மட்டுமே.