மின்சாரம் கண்ட வேற்றுமை

அணுக்கருவினுள் புரோட்டான், நியூட்ரான் என்னும் இருவகைத் துகள்கள் உறைகின்றன. முன்னது நேர்மின்னூட்டம் உடையது. பின்னதற்கு மின்னூட்டம் இல்லை. ஆயினும் இவற்றின் நிறைகள் ஏறத்தாழ ஒத்தவை. கருவைப் பிணைத்து நிற்கும் வல்விசையும் இவ்விரண்டினிடையே பெரிதும் வேற்றுமை பாராட்டுவதில்லை.

1932-ஆம் ஆண்டில் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். அவ்வாண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ஹைசன்பர்க், இரண்டையும் ஒரே துகளின் இரு நிலைகளாகக் கொண்டு கணக்கிடும் முறையை வகுத்தார். அந்நிலைகளைக் குறிக்கும் பண்பே பின்னர் ஐசோஸ்பின் எனப் பெயர் பெற்றது. புரோட்டானுக்குரிய எண் +1/2, நியூட்ரானுக்குரியது -1/2.

வல்விசை காணாத வேற்றுமையை மின்காந்த விசை எங்ஙனம் காண்கிறது? மின்னூட்டத்தை இரு கூறாகப் பகுப்போம். ஒன்று, இரண்டு துகள்களுக்கும் பொதுவான 1/2. இதனைப் பொதுக்கூறு என்போம். மற்றொன்று ஐசோஸ்பின் எண்ணே. அது குறி மாறி வருதலின் எதிர்க்கூறு ஆகும். கூட்டினால் புரோட்டானுக்கு 1, நியூட்ரானுக்கு 0 கிடைக்கும். இது வெறும் கணக்கு வித்தை எனத் தோன்றலாம். அன்று, காந்தப் பண்பிலும் இப்பகுப்பு பொருள் உடையதே.

மின்னூட்டமற்ற நியூட்ரானும் ஒரு சிறு காந்தம் என்பது வியப்பன்றோ! கருக்காந்த அலகில் புரோட்டானின் காந்தத் திருப்புத்திறன் 2.79, நியூட்ரானுக்கு -1.91. முன்போல் பகுப்பின் பொதுக்கூறு 0.44, எதிர்க்கூறு 2.35 ஆகும். மின்னூட்டத்தில் சமமாயிருந்த கூறுகள் காந்தத்தில் ஒன்றுக்கு ஐந்துக்கு மேலாயின. புரோட்டானும் நியூட்ரானும் இணைந்த டியூட்ரானில் எதிர்க்கூறுகள் ஒன்றையொன்று அழிக்கும், எஞ்சவேண்டியது 0.88. அளந்து கண்டது 0.857. துகள்களின் சுற்றியக்கமும் சிறிது கலத்தலே இச்சிறு குறைவிற்கு முதன்மைக் காரணம்.

1950-களில் ஹாஃப்ஸ்டாட்டர் ஸ்டான்ஃபோர்டில் எலெக்ட்ரான்களைக் கருக்களின்மீது செலுத்தி, மின்னூட்டம் பரவியுள்ள விதத்தை ஆராய்ந்தார். நியூட்ரானின் மின்னூட்டம் மொத்தத்தில் மட்டுமன்றி, உட்பரவலிலும் ஏறத்தாழ இன்மையாகவே காணப்பட்டது. அங்ஙனமாயின், எதிர்க்கூறு எவ்வளவு விரிந்துள்ளதோ, பொதுக்கூறும் அவ்வளவு விரிந்திருத்தல் வேண்டும். எதிர்க்கூற்றின் விரிவை இருஇரு பையான்கள் தரவல்லன. அவ்வாறு இணைந்த இரட்டைப் பையான்கள் பொதுக்கூற்றுக்கு உதவா. அதனைத் தருவது யாது? 1957-இல் நம்பு என்னும் ஜப்பானிய அறிஞர், மின்னூட்டமற்ற கனத்த மெசான் ஒன்று இருத்தல் கூடும் என்றார். 1961-இல் பெர்க்கிலியில் அது அகப்பட்டது. ஒமேகா எனப் பெயர் பெற்றது. எதிர்க்கூற்றுக்குரிய ரோ மெசானும் அவ்வாண்டிலேயே தெளிவுற்றது. ரோ இரண்டு பையான்களாகவும், ஒமேகா பெரும்பாலும் மூன்றாகவும் சிதைகின்றன.