குழி, வண்டி, மெல்ல: கும்பளங்கிச் சாலையில் ஒரு சைக்கிள் பாடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் மசாலா மண்டிகள் கதவு திறப்பதற்கு முன்பே சைக்கிள்கள் கிளம்பிவிடுகின்றன. தோப்பும்படி, பள்ளுருத்தி, பெரும்படப்பு என்று தெற்கே இறங்கி ஒரு பாலம் ஏறினால் கும்பளங்கி. இருபுறமும் காயல், கரையோரம் சீன வலைகள், நீரைக் கிழித்துக்கொண்டு போகும் ஒற்றையடி வரப்புகள். இந்தத் தீவுக் கிராமம் 2003-இல் மாதிரிச் சுற்றுலா கிராமமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2019-இல் ‘கும்பளங்கி நைட்ஸ்’ என்ற மலையாளப் படம் வந்த பிறகு, இந்த ஊரின் பெயர் தமிழ்நாட்டிலும் பலருக்கும் தெரிந்த பெயராகிவிட்டது. விடுமுறைக்கு வருகிறவர்கள் வாடகைச் சைக்கிளில் ஊரைச் சுற்றுகிறார்கள். பயிற்சிக்காக ஓட்டுகிறவர்கள் கண்டக்கடவு வழியே செல்லானம் கடற்கரை வரை போய்த் திரும்புகிறார்கள்.

இப்படிக் கூட்டமாகப் போகும்போது, முன்னால் போகிறவர் கையைத் தாழ்த்தித் தரையைக் காட்டி “குழி” என்று குரல் கொடுப்பார். அடுத்தவர் அதை வாங்கி “குழி” என்பார். கடைசி ஆள் வரை அந்தச் சொல் போய்ச் சேரும். தமிழருக்கு இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. மலையாளத்திலும் குழி குழிதான், வண்டி வண்டிதான். நம் ‘மெல்ல’ அங்கே ‘மெல்லே’. இடது, வலது என்பவையும் சின்ன ஒலி மாற்றத்தோடு அப்படியே இருக்கின்றன. கோவையிலிருந்து போன பத்துப் பேரும் கொச்சிக்காரர்கள் பத்துப் பேரும் ஒன்றாக ஓட்டினாலும் இந்த ஐந்து சொற்களை வைத்துச் சமாளித்துவிடலாம்.

அந்தச் சொற்கள் ஏன் அவ்வளவு முக்கியம்?

மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது சாலைச் சைக்கிளுக்குச் சாதாரண வேகம். கணக்குப் போட்டால் ஒரு நொடிக்கு ஏழு மீட்டர். ஆபத்தைக் கண்டு, மூளை உணர்ந்து, விரல் பிரேக்கைத் தொடுவதற்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். ஆனால் கூட்டத்தில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் உள்ள இடைவெளி பல நேரம் ஒரு மீட்டருக்கு மேல் இருப்பதில்லை. முன்னால் போகிறவர் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்வதால் பின்னால் ஒட்டி வருகிறவருக்கு மிதிக்கும் பாடு வெகுவாகக் குறைகிறது. காயல் காற்று எதிரே வீசும் சாலையில் அந்தச் சுகத்தை யாரும் விட விரும்ப மாட்டார்கள். அதற்கு ஈடாகப் பின்னால் வருகிறவர் இழப்பது பார்வையை. எதிரே அவருக்குத் தெரிவது முன்னவரின் முதுகு மட்டும்தான். குழியோ, குறுக்கே வரும் நாயோ, முன்னவர் சொன்னால்தான் உண்டு.

ஆகவே கூட்டத்தில் ஓட்டுகிறவருக்கு முதல் விதி: திடீரென எதையும் செய்யக் கூடாது. சடாரென்று பிரேக் பிடிப்பது, குழியைக் கண்டு வெட்டி ஒதுங்குவது, சொல்லாமல் நிற்பது, எல்லாமே பின்னால் வருகிறவர் மேல்தான் விழும். நிறுத்துவதானால் கையை உயர்த்திக் காட்டி, குரல் கொடுத்து, மிதிப்பதை விட்டு, மெதுவாக வேகம் குறைக்க வேண்டும்.

இரண்டாவது விதி, முன்சக்கரத்தைப் பற்றியது. பின்னால் வருகிறவரின் முன்சக்கரம், முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கக் கூடாது. முன்னவர் ஒரு சாண் விலகினாலும் இரண்டு டயர்களும் உரசும். உரசினால் முன்னவர் பெரும்பாலும் தப்பிவிடுவார். முன்சக்கரம் பிடிபட்டவர்தான் கீழே விழுவார். அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் அவர்மேல் விழுவார்கள். பழகிய குழுக்களிலும் கூட்ட விபத்து பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

பின்னாலிருந்து வரும் ஆபத்து

2024 பிப்ரவரி 28. நவி மும்பையின் பாம் பீச் சாலை. விடிந்தும் விடியாத நேரம். இன்டெல் நிறுவனத்தின் இந்தியப் பிரிவை வழிநடத்தியவரும், பென்டியம் சிப் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவருமான அவதார் சைனி, நண்பர்களோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். வேகமாக வந்த வாடகைக் கார் ஒன்று அவர்மேல் மோதியது. அவருக்கு வயது 68. மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு நடந்த விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல், பின்னாலிருந்து வந்து மோதியவை. கூட்டத்தில் போவதால் மட்டும் இந்த ஆபத்து நீங்கிவிடாது. கூட்டம் தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும். விடியற்காலையில் கிளம்பும் ஒவ்வொரு சைக்கிளிலும் பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, உடம்பில் ஒளி திருப்பும் அங்கி இருக்க வேண்டும். 200, 300, 600 கிலோமீட்டர் என்று நெடுந்தூரம் ஓட்டும் ‘பிரெவே’ பயணங்களில் இரவு நேரத்தில் விளக்கும் அங்கியும் இல்லாதவருக்கு அனுமதியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இருபது கிலோமீட்டர் போகிறவருக்கும் அதே எலும்புதான், அதே மண்டைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. அதற்கு உரிமமும் இல்லை, கட்டாயக் காப்பீடும் இல்லை. ஆனால் 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரிடம் ஓட்டுநர்கள் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. பஸ் ஓட்டுநருக்கும் இது பொருந்தும், பைக் ஓட்டுகிறவருக்கும் பொருந்தும்.

சிங்கப்பூர் போட்ட அளவு

கூட்டமாகப் போகும் சைக்கிள்களால் சாலையில் தகராறு வளர்ந்தபோது, சிங்கப்பூர் அரசு 2022 ஜனவரி 1 முதல் ஒரு தெளிவான அளவை வைத்தது. ஒரு குழுவின் நீளம் ஐந்து சைக்கிளுக்கு மேல் போகக் கூடாது. ஒற்றை வரிசையானால் ஐந்து பேர். இருவர் இருவராகப் போக அனுமதி உள்ள சாலையில் பத்துப் பேர். ஒரு குழுவுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு விளக்குக் கம்பங்களின் தூரம், அதாவது சுமார் 30 மீட்டர், விட வேண்டுமென்பது பரிந்துரை. மீறினால் 150 சிங்கப்பூர் டாலர் அபராதம்.

அதே மாதம் பிரிட்டனும் தன் சாலை விதிகளைத் திருத்தியது. அங்கே இருவர் இருவராகப் போவது, குறிப்பாகப் பெரிய குழுவிலும், பிள்ளைகளை அழைத்துப் போகும்போதும், பாதுகாப்பானதாக இருக்கலாம் என்று விதியே சொல்கிறது. முந்திச் செல்லும் கார், மணிக்கு 30 மைல் வேகம் வரை குறைந்தது 1.5 மீட்டர் விலகிப் போக வேண்டும்.

இருவராகப் போவது வம்புக்கா, பாதுகாப்புக்கா என்ற சண்டை எல்லா ஊரிலும் உண்டு. பத்துப் பேர் ஒற்றை வரிசையில் போனால் கிட்டத்தட்ட முப்பது மீட்டர் நீளம். அதை ஒரு பஸ் முந்த வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தில் நெடுநேரம் ஓட வேண்டும். ஐந்து ஜோடியாகப் போனால் அந்த நீளம் பாதியாகிவிடும். அகலமான சாலையில் இந்த வாதம் செல்லும். கும்பளங்கியில் செல்லாது. எதிரே ஓர் ஆட்டோ வந்தாலே காருக்கு ஒதுங்க இடம் தேடவேண்டிய சாலைகள் அங்கே நிறைய. அங்கே ஒற்றை வரிசையே சரி. ஆனால் சிங்கப்பூரின் ஐந்து என்ற எண்ணிக்கை கும்பளங்கிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. இருபது பேர் வந்தால் நான்கு குழுவாகப் பிரிந்து, நடுநடுவே ஒரு வண்டி புகுந்து ஒதுங்க இடம் விட்டுப் போகலாம். ஒவ்வொரு குழுவுக்கும் வழி தெரிந்தவர் ஒருவர் முன்னால். அனுபவசாலி ஒருவர் கடைசியில். நடுவில் புதியவர்கள். வேகத்தை முடிவு செய்வது அந்தப் புதியவர்கள்தான்.

ஊர்க்காரர்களின் சாலை

சைக்கிள் குழுவுக்கு அந்த வழி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. ஊர்க்காரர்களுக்கு அதுதான் வாசல். பொக்காளி எனப்படும் உவர்நிலத்து வயல்களில் மழைக்காலத்தில் நெல் விளைகிறது. நவம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவரை அதே வயல்களில் இறால் வளர்க்கிறார்கள். வலையும் கூடையுமாக ஆட்கள் விடியலிலேயே நடமாடுகிறார்கள். ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்கள் சாலையோரமாக நடந்து வருகின்றன. அவர்களைப் பின்னாலிருந்து “ஓரம், ஓரம்” என்று கத்தி விரட்டுவது பண்பல்ல. சற்றுத் தள்ளி இருக்கும்போதே பெல்லை ஒருமுறை அடித்து, வேகம் குறைத்து, விலகிப் போவதே முறை.

பாலத்தின் மேல் சைக்கிளை நிறுத்திப் படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நிற்பதானால் பாலத்தைத் தாண்டி, எல்லாச் சைக்கிளும் தார்ச்சாலையை விட்டு முழுவதும் கீழே இறங்க வேண்டும். டீக்கடை முன்னாலும் அப்படியே. பாலத்தின் இணைப்புப் பட்டிகளைச் சாய்வாகக் கடந்தால் ஈரத்தில் டயர் வழுக்கும். நேராகக் கடக்க வேண்டும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வரப்போரப் பாதைகளில் பாசி படரும். குழி எது, தேங்கிய தண்ணீர் எது என்று தெரியாது. அப்போது இடைவெளியை இரண்டு மூன்று மடங்காக்குவதே வழி. வாடகைச் சைக்கிள் எடுப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்து, டயரை அழுத்திப் பார்த்து, பெல்லை அடித்துப் பார்க்க வேண்டும். கூடவே ஹெல்மெட் கேட்க வேண்டும். இல்லையென்றால் வேறு கடைக்குப் போகலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது விழுந்தால், முதலில் செய்ய வேண்டியது பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த ஒருவரை அனுப்புவது. அடுத்து 112-க்கோ 108-க்கோ அழைப்பது. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைக்கக் கூடாது. அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மேல் வழக்குப் பாயாதபடி, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆகவே தயங்க வேண்டியதில்லை.

அடுத்த விடுமுறைக்குக் கொச்சி போகும் தமிழ் வாசகர்கள் மட்டாஞ்சேரியோடு திரும்பிவிட வேண்டாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு கும்பளங்கிவரை போய் வாருங்கள். ஐவர் ஐவராகப் போங்கள். முன்னால் போவது நீங்களானால், பின்னால் வருகிறவர் காதில் விழும்படி “குழி” என்று உரக்கச் சொல்லுங்கள்.