மேகத்தில் ஒரு கணக்கறை

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மும்பை சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில், இருபத்து நான்கு மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று சயான், குர்லா முதலிய தாழ்ந்த பகுதிகளில் கடை வைத்திருந்த நம்மவர் பலர் சரக்கை இழந்தனர். சிலர் கணக்கையும் இழந்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குர்லாவில் பாத்திரக்கடை நடத்திய அன்பர் ஒருவரை நாம் அறிவோம். எவர்சில்வர் பாத்திரங்களை அவர் கழுவித் துடைத்து, விலை குறைத்தேனும் விற்றுவிட்டார். மேசைக்கடியில் இருந்த கணிப்பொறியோ சேற்றுநீரில் ஊறிப் பாழாயிற்று. யார் எவ்வளவு பாக்கி தரவேண்டும் என்ற விவரம் முழுதும் அதற்குள் இருந்தது. பற்று வைத்தவர்களின் நேர்மையையே பேரேடாகக் கொண்டு அவர் கடை கடையாகச் சென்று கேட்க வேண்டியதாயிற்று. சிலர் கொடுத்தனர். சிலருக்கு மறதி வந்துவிட்டது.

கணக்கைக் கடையிலேயே வைத்திராமல், மழைநீர் எட்டாத வேறோர் ஊரில், பொறுப்பான ஓர் இடத்தில் வைத்து, வேண்டும்போது கடையிலிருந்தே திறந்து பார்க்க முடியுமானால் இத்துன்பம் நேர்ந்திராது அன்றோ? அந்த ஏற்பாட்டைத்தான் ஆங்கிலத்தில் 'கிளவுட் கம்ப்யூட்டிங்' என்றும், தமிழில் 'மேகக் கணிமை' என்றும் வழங்குகின்றனர்.

பெயரைக் கேட்டு ஆகாயத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தொலைபேசி, கணிப்பொறிப் பொறியாளர்கள் இணைப்புப் படம் வரையும்பொழுது, தாம் விவரிக்க வேண்டாத நடுப்பகுதியை ஒரு மேகம்போல் வளைத்து வரைந்து விட்டுவிடுவது வழக்கம். அப்பழக்கத்திலிருந்து வந்த பெயர் இது. மெய்யாகப் பார்த்தால் இம்மேகம் கல்லும் இரும்பும் சேர்ந்த கட்டடமே. நவிமும்பையின் ஐரோலியிலும், சென்னையை அடுத்த சிறுசேரியிலும் அத்தகைய கட்டடங்கள் உள்ளன. உள்ளே வரிசை வரிசையாகக் கணிப்பொறிகள். அவற்றின் சூட்டைத் தணிக்கப் பெரிய குளிர்விப்பு இயந்திரங்கள். மின்சாரம் நின்றால் உடனே தாங்கிக்கொள்ள மின்கலங்களும் டீசல் ஜெனரேட்டர்களும். நம் கடைக்கும் அக்கட்டடத்துக்கும் இடையே இருப்பது இணையக் கம்பி ஒன்றே.

இக்கருத்து புதியதன்று. மின்சார வாரியங்கள் வருமுன், ஆலை வைத்தவர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் இயந்திரத்தை நிறுவி ஆற்றலை உண்டாக்கிக் கொண்டனர். பிறகு கம்பி வழியே மின்சாரம் வந்தது. மீட்டர் காட்டிய அளவுக்குப் பணம் கட்டினால் போதும் என்றாயிற்று. கணக்கிடும் ஆற்றலும் ஒருநாள் தொலைபேசியைப்போலப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாகலாம் என்று ஜான் மெக்கார்த்தி என்னும் அமெரிக்க அறிஞர் 1961ஆம் ஆண்டிலேயே கூறினார். அது கைகூட நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2006ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமேசான் நிறுவனம் தகவல்களைச் சேமித்து வைக்கும் இடத்தையும், ஆகஸ்டில் கணிப்பொறிகளையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. கணிப்பொறி ஒன்றுக்கு மணிக்குப் பத்து சென்ட் என்பது அன்றைய வாடகை.

ஓர் இயந்திரத்தைப் பலருக்கு எவ்வாறு வாடகைக்கு விட முடியும்? பெரிய கணிப்பொறி ஒன்றனுள் தனித்தனிச் சிறு கணிப்பொறிகள் பல இருப்பனபோல் நடிக்கச் செய்யும் மென்பொருள் உண்டு. ஒரே மாடிக் கட்டடத்தில் பல குடித்தனங்கள் இருப்பதுபோல என்க. ஒருவர் வீட்டுச் சாமான் மற்றவர் கண்ணில் படாது. குடித்தனத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் சில நிமிட வேலை. இதனால் விளையும் நன்மை பெரிது. தில்லியில் முறுக்கும் அதிரசமும் செய்து இணையத்தின் வழியே விற்கும் ஒருவருக்கு ஆண்டு முழுவதும் ஒரு சிறு கணிப்பொறி போதும். தீபாவளிக்கு முந்திய பத்து நாட்களிலோ பத்து வேண்டும். அந்தப் பத்து நாளுக்காகப் பத்து இயந்திரங்களை விலைக்கு வாங்குவார் உண்டோ? மேகத்தில் அவர் பத்து நாளுக்கு மட்டும் எடுத்துப் பின் விட்டுவிடலாம். விட மறந்தால், யாரும் பயன்படுத்தாவிடினும் மீட்டர் ஓடிக்கொண்டேயிருக்கும். இப்படி மறந்து மாதக் கட்டணத்தைக் கண்டு திகைத்தவர்கள் மிகப் பலர்.

இச்சேவை மூன்று வகையில் கிடைக்கின்றது. அமெரிக்கத் தேசியத் தரநிலைக் கழகம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட வரையறையும் இம்மூன்றையே கூறுகின்றது. வேலை தேடி முதன்முதலாக வடக்கே வந்து இறங்கிய நாட்களை அன்பர்கள் நினைவுகூர்ந்தால் இம்மூன்றும் எளிதில் விளங்கும். அன்று சாப்பாட்டுக்கு நமக்கு இருந்த வழிகள் யாவை? வெற்று அறை ஒன்றைப் பிடித்து, ஸ்டவ் முதல் மிளகாய்ப்பொடி வரை நாமே வாங்கிச் சமைக்கலாம். அடுப்பும் பாத்திரமும் அமைந்த சமையலறையோடு இடம் கிடைத்தால், அரிசி பருப்பை மட்டும் வாங்கி வந்து நம் கைப்பக்குவத்தில் சமைக்கலாம். இரண்டும் வேண்டாவெனில், மாதுங்காவிலோ கரோல்பாகிலோ ஒரு மெஸ்ஸுக்கு மாதப் பணம் கட்டிவிட்டு இலைமுன் உட்காரலாம்.

வெற்று அறைக்கு ஒப்பானது உட்கட்டமைப்புச் சேவை. இயந்திரமும், சேமிப்பிடமும், இணைப்பும் அவர்களுடையவை. அதன்மேல் ஏற்றும் மென்பொருள் யாவும் நம் பொறுப்பு. கதவுக்குப் பூட்டுப் போடுவதும் நாமே. சமையலறையோடு கூடிய இடத்துக்கு ஒப்பானது தளச் சேவை. இது மென்பொருள் எழுதுவோருக்கு உரியது. கூகிள் 2008ஆம் ஆண்டு தொடங்கிய 'ஆப் எஞ்சின்' இவ்வகையது. கடை நடத்துபவர் இதைப்பற்றிக் கவலைகொள்ள வேண்டியதில்லை.

மெஸ் சாப்பாட்டுக்கு ஒப்பானது மென்பொருள் சேவை. கணக்கெழுதுதல், பில் போடுதல், சம்பளப் பட்டியல், கடிதப் போக்குவரத்து ஆகியவற்றுக்கான மென்பொருளை அவர்களே ஆக்கி, பழுது பார்த்து, நாளுக்கு நாள் திருத்தி வைப்பர். ஆளுக்கு இவ்வளவு என்று மாதம் செலுத்திப் பயன்படுத்துகிறோம். 1999ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் தோன்றிய சேல்ஸ்ஃபோர்ஸ் இவ்வழியில் பெரும்பெயர் பெற்றது. நம்மவர்க்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. 1996ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னையில் வளர்ந்த ஜோஹோ நிறுவனம் இத்துறையில் உலகறிந்ததாக விளங்குகின்றது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அதன் பணியகம் ஒன்று உள்ளது. எந்த நிறுவனத்துக்கும் சிபாரிசு செய்வது நம் நோக்கமன்று. ஆனால் சிறு வணிகர்களுக்கு இம்மூன்றாம் வகையே போதும் என்பது நம் கருத்து. மெஸ்ஸில் சாப்பிடுபவர் இன்று வற்றல்குழம்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்க இயலாது. அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எப்போதும் வாடகைதான் லாபமா என்றால், அப்படியும் சொல்வதற்கில்லை. ஆண்டு முழுவதும் ஒரே அளவாக வேலை உள்ள பெரிய நிறுவனங்கள் சொந்த இயந்திரம் வாங்குவது மலிவாக முடிவதுண்டு. அமெரிக்காவின் முப்பத்தேழு சிக்னல்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனம் இக்காரணத்தால் மேகத்தைவிட்டு வெளியேறப்போவதாக 2022ஆம் ஆண்டு அறிவித்தது.

அடுத்துப் பாதுகாப்பு. மேகத்தில் வைத்துவிட்டால் அழியவே அழியாது என்ற நம்பிக்கை பலரிடம் உள்ளது. அது தவறு. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தகவல் மையக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. வேறோர் ஊரில் பிரதி வைத்திருந்த வாடிக்கையாளர்கள் தப்பினர்; வைக்காதவர்களுள் பலர் தம் தகவல்களை மீளப் பெறவில்லை. இடம் அவர்களுடையதாயினும் பிரதி எடுக்கும் கடமை பெரும்பாலும் நம்முடையதே என்பது ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தில் இருக்கும். தீயைவிடக் கொடியது சாவி பிறர் கைக்குப் போவது. கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இவ்வாறு கெட்டது. அதன் மேகக் கணக்கினுள் நுழைந்த ஒருவன் பணம் கேட்டு மிரட்டினான். நிறுவனத்தார் கணக்கை மீட்க முயன்றவுடன், மூலத்தோடு பிரதிகளையும் அழித்தான். பிரதிகளும் அதே சாவிக்குள் இருந்தனவே! நிறுவனம் மூடப்பட்டது.

சட்டமும் இதில் உண்டு. சரக்கு சேவை வரிச் சட்டப்படி கணக்குகளை, அவ்வாண்டின் ஆண்டறிக்கைக்குரிய கெடுநாளிலிருந்து 72 மாதங்கள் காத்து வைக்கவேண்டும். மின்னணு முறையில் கணக்கு வைக்கும் கம்பெனிகள், அவற்றின் பிரதியை இந்தியாவிற்குள்ளேயே உள்ள இயந்திரத்தில் நாள்தோறும் எடுத்து வைக்கவேண்டுமென்று 2022ஆம் ஆண்டு விதி திருத்தப்பட்டது. இதற்கு இடையூறில்லை. மைக்ரோசாஃப்ட் 2015ஆம் ஆண்டு புனே, சென்னை, மும்பை நகரங்களிலும், அமேசான் 2016ஆம் ஆண்டு மும்பையிலும் தம் மேகச் சேவை மையங்களைத் திறந்தன. அரசாங்கமும் தன் அலுவலகங்களுக்காக 'மேகராஜ்' என்ற பெயரில் ஒரு மேகத்தை அமைத்துள்ளது. சேரும்பொழுதே, நம் தகவல் எந்த ஊரில் இருக்கும், விலக நேர்ந்தால் அதை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள், அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நலம். கணக்கைத் திருப்பிப் பெற முடியாமலே பழைய இடத்தில் ஆண்டுக்கணக்காகப் பணம் கட்டுவோரும் உளர்.

குர்லா அன்பர் வெள்ளத்துக்குப் பின் சில ஆண்டுகளில் மேகத்துக்கு மாறினார். அங்கும் ஒரு சோதனை வந்தது. கணக்கைத் திறந்து கொடுத்த குமாஸ்தா தம் சொந்தத் தொலைபேசி எண்ணையே அதில் பதிந்திருந்தார். அவர் வேலையைவிட்டு ஊர் திரும்பியபின், நுழைவதற்கான ரகசிய எண் கோவில்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது! குமாஸ்தா நல்லவர், கேட்டவுடன் சொன்னார். எனினும் எண்ணை மாற்றி முடிப்பதற்குள் பதினொரு நாட்கள் கடந்தன. இப்போது கணக்கு முதலாளியின் பெயரிலும், இரண்டாம் சாவி அவர் மகளிடமும் உள்ளன. வெள்ளிக்கிழமை தோறும் கடையில் விளக்கேற்றியபின், அவ்வாரத்துக் கணக்கை ஒரு சிறு தட்டில் பிரதியெடுத்து, செம்பூரில் மூன்றாம் மாடியிலுள்ள தம் வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கிறார்.