வரிசையாக்கமும் உட்கூட்டலும்

நெடுந்தொகை எனவும் பெயர்பெற்ற அகநானூறு நானூறு பாடல்களைக் கொண்டது. 13 அடி முதல் 31 அடி வரை அமைந்த அப்பாடல்களை, உருத்திரசன்மர் ஒரு திட்டப்படி வரிசைப்படுத்தினார். ஒற்றைப்படை எண்கள் அனைத்தும் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 10, 20 எனப் பத்தின் மடங்காக வருவன நெய்தல். பாடலின் எண்ணைச் சொன்னாலே திணையைச் சொல்லிவிடலாம். விரிதாளில் தரவுகளை வகைப்படுத்தவும் கூட்டவும் பழக இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது. ஏனெனில், விடை முன்னரே தெரிந்திருப்பதால் கணினி தரும் விடை சரியா என்பதை உடனே சோதிக்கலாம்.

விரிதாளின் முதல் கிடைவரிசையில் எண், பிரிவு, திணை, புலவர், அடிகள் என ஐந்து தலைப்புகள் இடப்படுகின்றன எனக் கொள்க. அதன்கீழ் ஒரு பாடலுக்கு ஒரு கிடைவரிசையாக நானூறு வரிசைகள் அமையும். இடையில் வெற்று வரிசை இருத்தல் கூடாது. வெற்று வரிசையைக் கண்டவிடத்தில் தரவு முடிந்துவிட்டதாகக் கணினி கருதிக்கொள்ளும்.

இந்நிலையில், ஒவ்வொரு திணைக்கும் எத்தனை பாடல்கள் என்று அறிய விரும்பும் மாணவர் ஒருவர், எக்செல் மென்பொருளில் உட்கூட்டல் கட்டளையை நேரடியாக இடுகிறார். ஐந்து விடைகள் வரவேண்டிய இடத்தில் நானூறு விடைகள் வருகின்றன. ஒவ்வொன்றும் 1 என்றே காட்டுகிறது. கணினி பிழை செய்யவில்லை. உட்கூட்டல் கட்டளை தாள் முழுவதையும் துழாவி ஒரே திணைப் பாடல்களைத் திரட்டுவதில்லை. மேலிருந்து கீழாகச் சென்று, திணைப்பெயர் மாறுமிடத்திலெல்லாம் ஒரு கோடிட்டுக் கூட்டுகிறது. அகநானூற்றிலோ ஒன்றுவிட்டு ஒன்று பாலை வருவதால் ஒவ்வொரு வரிசையிலும் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது.

எனவே, முதலில் திணைவாரியாக வரிசையாக்கம்; அதன் பின்னரே உட்கூட்டல். அவ்வாறு செய்தால் பாலை 200, குறிஞ்சி 80, முல்லை 40, மருதம் 40, நெய்தல் 40 எனத் தொகை தெளிவாகக் கிடைக்கும். லிப்ரேஆபீஸ் கால்க் மென்பொருளில், கூட்டுவதற்கு முன் குழுவாரியாக வரிசையாக்கும் தெரிவு உட்கூட்டல் கட்டளையுடனேயே இணைந்துள்ளது.

வரிசையாக்கத்தில் நேரும் பெருந்தவறு ஒன்று உண்டு. புலவர் என்னும் நெடுவரிசையை மட்டும் தெரிவுசெய்து அகரவரிசையில் அடுக்கினால், அந்த ஒரு நெடுவரிசை மட்டும் நகரும். ஏனையவை நின்ற இடத்திலேயே நிற்கும். கபிலர் பாடியது பரணர் பெயரில் சேரும். பரணர் பாடியது வேறொருவர் பெயரில் சேரும். தாளின் தோற்றத்தில் எந்தக் குறையும் தெரியாது என்பதே இதன் கொடுமை. மதிப்பெண் பட்டியலிலோ மருத்துவமனைப் பதிவேட்டிலோ இது நிகழ்ந்தால் விளைவு எத்தகையதாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சில மென்பொருள்கள் இவ்விடத்தில் எச்சரிக்கை தரும். அதனைப் படிக்காமல் கடந்துசெல்வோரே மிகுதி. தரவு முழுவதையும் சேர்த்தே தெரிவுசெய்தல் வேண்டும்.

எண் என்னும் நெடுவரிசையின் அருமையும் இங்கே புலப்படும். திணைவாரியாக அடுக்கிச் சேமித்த பிறகு, தொகுத்தவர் வகுத்த பழைய வரிசைக்குத் திரும்ப அந்த எண் ஒன்றே வழி. வரிசையெண் இல்லாத எந்தத் தரவுக்கும், அடுக்கத் தொடங்குமுன் ஓர் எண்வரிசை இட்டுக்கொள்வது நன்று.

அகநானூறு களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக் கோவை என மூன்று பிரிவுகளை உடையது. முதல் பிரிவில் 120, இரண்டாவதில் 180, மூன்றாவதில் 100 பாடல்கள் உள்ளன. பிரிவை முதல் திறவாகவும் திணையை இரண்டாம் திறவாகவும் கொண்டு அடுக்கினால், பிரிவுக்குள் திணை என ஈரடுக்குத் தொகை பெறலாம். களிற்றியானை நிரையில் பாலை 60, குறிஞ்சி 24, ஏனைய மூன்றும் பன்னிரண்டு பன்னிரண்டாக அமையும். ஆனால், அகரவரிசையில் நித்திலக் கோவை மணிமிடை பவளத்துக்கு முன்னே வந்து நிற்கும். நூலின் முறை வேண்டுமாயின் பிரிவுப்பெயர்களுக்கு முன் 1, 2, 3 என எண்ணிடலாம்.

தமிழ்ச் சொற்களை அடுக்கும்போது மற்றொன்றையும் கருத வேண்டும். அகராதி முறையில் புள்ளியெழுத்து முன்னும் உயிர்மெய் பின்னும் வரும். எனவே அம்மா முன்னது, அமிழ்து பின்னது. ஒருங்குறிக் குறியெண்ணை மட்டுமே நோக்கி அடுக்கும் செயலியில் இது தலைகீழாகும். அவ்வாறே னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னே சென்று அமரும். தமிழ் அகரவரிசையை அறிந்த செயலிகளில் இச்சிக்கல் இல்லை.

அடிகளின் கூடுதலைக் காணும்போது, 18 என எண்ணாக இடாமல் ‘18 அடி’ என எழுதியிருந்தால் அது சொல்லாகவே கொள்ளப்பட்டுக் கூட்டலில் விடுபடும். பாலை என்னும் சொல்லுக்குப் பின் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி சேர்ந்துவிட்டாலும் கணினிக்கு அது வேறொரு திணை. பாலை 197 எனவும், அடுத்து மீண்டும் பாலை 3 எனவும் காட்டும்.

உட்கூட்டுத்தொகைகளைக் கணினி சப்டோட்டல் என்னும் தனிச் சார்பைக் கொண்டு கணிக்கிறது. அச்சார்பு தன் எல்லைக்குள் வரும் பிற சப்டோட்டல் விடைகளைத் தவிர்த்துவிடும். ஆதலால் இறுதிக் கூடுதல் சரியாக இருக்கும். அதற்கு மாறாகச் சாதாரணக் கூட்டல் சார்பை நெடுவரிசை முழுமைக்கும் இட்டால், பாடலின் ஒவ்வோர் அடியும் பாடல் வரிசையில் ஒருமுறையும் திணைத் தொகையில் மறுமுறையுமாக இருமுறை எண்ணப்படும்.

தாளின் இடப்புறத்தில் தோன்றும் 1, 2, 3 என்னும் சிறு பொத்தான்களுள் இரண்டை அழுத்தினால், நானூறு வரிசைகளும் மறைந்து ஐந்து திணைத்தொகைகளும் இறுதிக் கூடுதலும் மட்டும் எஞ்சும். மூன்றை அழுத்தினால் பாடல்கள் அனைத்தும் மீண்டும் விரியும்.