ஸ்கேனர் வேண்டாம் என்றால் சோதனையே வேண்டாம் என்று பொருளல்ல

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிடாம் கிரியில் வாழும் என் பெரியம்மா, அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்கச் சென்றார். திரும்பும்போது அங்கே ஒரு விமான நிலையத்தில், கண்ணாடிக் கூண்டு போன்ற கருவிக்குள் கைகளைத் தூக்கி நிற்கச் சொன்னார்கள். ‘துணியில்லாமல் படம் எடுக்குமாம்’ என்று யாரோ சொல்லியிருந்ததால் மறுத்துவிட்டார். உடனே ஒரு பெண் அதிகாரி தலை முதல் கால் வரை தடவிச் சோதித்தார். “இந்த வயதில் எனக்கு இது தேவையா?” என்று வீடு வந்து அழுதார்.

அதிகாரி விதிப்படி நடந்தார். பெரியம்மாவும் தமது உரிமையைத்தான் பயன்படுத்தினார். மறுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதை வீட்டிலிருந்த நாங்கள்தாம் சொல்லி அனுப்பவில்லை.

2009 டிசம்பர் 25ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிபொருளை மறைத்துச் சென்றான். உலோகங்காட்டும் கருவிக்கு அது அகப்படாது. அதன் பிறகே ஸ்கேனர்கள் வேகமாகப் பெருகின.

பெரியம்மா கேள்விப்பட்டதிலும் உண்மை உண்டு. தொடக்கத்தில் வந்த எக்ஸ்ரே வகைக் கருவிகள் உடலின் வடிவத்தைக் காட்டின. எதிர்ப்பு வலுத்ததால் அமெரிக்கா 2013இல் அவற்றை நீக்கியது. இப்போதுள்ளவை எக்ஸ்ரே அல்லாத மில்லிமீட்டர் அலைகளைப் பயன்படுத்துகின்றன. திரையில் தெரிவது எல்லாருக்கும் பொதுவான ஒரு பொம்மை உருவம். ஐயத்திற்குரிய இடத்தில் மட்டும் ஒரு கட்டம் விழும்.

மறுக்க முடியுமா? நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்காவில் பெரும்பாலோர் மறுக்கலாம். ஆனால் 2015 டிசம்பர் முதல் சிலருக்கு ஸ்கேனரைக் கட்டாயமாக்கவும் அதிகாரம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் மாற்றுச் சோதனை கேட்கும் உரிமையைத் தந்தது. பிரிட்டனில் 2010இல் மறுத்தவர் பயணம் செய்ய முடியாது. 2013இல் அந்த விதி தளர்ந்தது. ஆஸ்திரேலியா 2012இல் இதைக் கொண்டுவந்தபோது, மருத்துவக் காரணமின்றி மறுக்க இடமளிக்கவில்லை.

நமது உடைக்கும் இதில் பங்குண்டு. 2010 டிசம்பரில் அமெரிக்காவின் ஜாக்சன் விமான நிலையத்தில், அன்றைய இந்தியத் தூதர் மீரா சங்கர் தனியே அழைக்கப்பட்டுத் தடவிச் சோதிக்கப்பட்டார். அவர் சேலை கட்டியிருந்ததே காரணம் என்று கூறப்பட்டது. இந்திய அரசு கண்டனம் தெரிவித்தது. தூதருக்கே அந்த நிலை என்றால், மொழி தெரியாத நம் தாய்மார்களை நாம்தான் தயார்ப்படுத்தி அனுப்ப வேண்டும்.

மறுப்பதாக இருந்தால், கருவிக்குள் நுழையும் முன்பே “ஆப்ட் அவுட்” என்று சொல்ல வேண்டும். பெண்களைப் பெண் அதிகாரியே சோதிப்பார். தனியறை கேட்கலாம், துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு, தாலி பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அரைமணி நேரம் முன்னதாகவே வரிசைக்குச் செல்லுங்கள்.

பெரியம்மா மறுமுறை சென்றபோது, இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு தாமே ஸ்கேனரைத் தேர்ந்தெடுத்தார். சில வினாடிகளில் முடிந்தது. நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, தெரிந்து தேர்ந்தெடுங்கள். ஊறுகாய்ப் புட்டியைப் பத்திரமாகக் கட்டிக் கொடுக்கும் பிள்ளைகள், இந்தச் செய்தியையும் சொல்லி அனுப்புங்கள்.