காரின் ஆயுளும் அதன் கணினியின் ஆயுளும்

பழைய வாகனம் ஒன்றை வாங்கச் செல்பவர் எஞ்சினை இயக்கிச் சத்தத்தைக் கேட்பார், டயர்களைக் கவனிப்பார், அடிப்பாகம் துருப்பிடித்திருக்கின்றதா எனக் குனிந்து பார்ப்பார். நம்மவர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் வழக்கம் இது. ஆனால் மின்சாரக் கார்களும் பழைய வாகனச் சந்தைக்கு வந்துவிட்ட இன்றைய நிலையில், சாரதிக்குப் பக்கத்திலுள்ள திரையையும் அதன் பின்னால் மறைந்திருக்கும் கணினியையும் பார்த்து வாங்க வேண்டிய தேவை ஏற்பட்டுள்ளது. காரின் உடற்பகுதியும் மோட்டாரும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கக்கூடியவை. அக்கணினியோ ஐந்தாறு ஆண்டுகளிலேயே மூப்படைந்துவிடலாம். இவ்விடைவெளியை நிரப்பும் செலவை யார் ஏற்பது என்ற வினாவுக்கு நாமும் விடை தேட வேண்டியவர்களாக உள்ளோம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர் 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நாட்டிலிருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விற்கப்பட்டன. அவற்றுள், வரி குறைவாக இருந்த 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானிலிருந்து கொண்டுவரப்பட்ட நிசான் லீஃப் ரக மின்சாரக் கார்களும் அடங்கும். 2010 டிசம்பரில் உலகச் சந்தைக்கு வந்த அக்காரின் முதல் தலைமுறை வாகனங்கள் இன்று பத்து வயதைக் கடந்துவிட்டன. எரிபொருள் வரிசைகளின் கசப்பை 2022இல் அனுபவித்த மக்களுக்கு, வீட்டு மின்சாரத்தில் ஓடும் கார் ஒன்று குறைந்த விலையில் கிடைக்கின்றது என்ற செய்தி கவர்ச்சியானதே. அக்கவர்ச்சிக்குப் பின்னால் உள்ளவற்றை விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவோம். மின்சாரக் காருக்குள் ஒன்றல்ல, பல கணினிகள் உள்ளன. மோட்டாரை இயக்குவதும், பெரிய பற்றரியைக் கண்காணிப்பதும், தடையைக் கட்டுப்படுத்துவதும் தனித்தனிக் கணினிகளாகும். நாம் இங்கு பேசும் நடுத்திரைக் கணினி, வானொலி, பாடல், வரைபடம், தொலைபேசி இணைப்பு, பின்புறக் கமரா என்பவற்றைக் கவனிப்பது. ஆதலால் அது பழுதடைந்தாலும் கார் ஓடும் என்பது பொதுவான உண்மை. எனினும் சில மின்சாரக் கார்களில் மின்னேற்ற நேரத்தைக் குறித்தல், காற்றுப்பதனாக்கியை இயக்குதல், கண்ணாடியில் படியும் பனிப்படலத்தை நீக்குதல் போன்ற பணிகளும் இத்திரை வழியாகவே நடைபெறுகின்றன. அத்தகைய கார்களில் திரை இருண்டால் பாடல் நிற்பதோடு விடயம் முடிந்துவிடாது.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனத்தின் அனுபவமாகும். 2012இல் வெளிவந்த அதன் மொடல் எஸ் காரில் 17 அங்குலத் தொடுதிரை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. பொத்தான்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டு யாவும் அத்திரைக்குள் அடக்கப்பட்டன. அதன் கணினியில் இருந்த நினைவகம் 8 கிகாபைட் அளவினது. இவ்வகை நினைவகத்தை, பென்சிலால் எழுதி இறப்பரால் அழிக்கும் தாளுக்கு ஒப்பிடலாம். எழுதி அழித்து எழுதும்போது தாள் மெலிந்து ஈற்றில் கிழிந்துவிடுவது போல, நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 3,000 தடவைகள் எழுதி அழிக்கப்பட்ட பின்னர் தேய்ந்துவிடுகின்றது. கார் ஓடும்போதெல்லாம் அக்கணினி குறிப்புகளை ஓயாது எழுதிக்கொண்டிருந்தது. இதனால் ஐந்து தொடக்கம் ஆறு ஆண்டுகளில் நினைவகம் தன் ஆயுளை முடித்துக்கொள்ளும் என்பது தெரியவந்தது.

நினைவகம் தேய்ந்த கார்களில் பின்புறக் கமராவின் காட்சி மறைந்தது. கண்ணாடியின் பனிப்படலத்தை நீக்கும் வசதியும் திசை காட்டும் விளக்கின் ஒலியும் பாதிக்கப்பட்டன. அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிருவாகம் இதனைப் பாதுகாப்புக் குறைபாடு எனக் கருதி 2021 ஜனவரியில் கார்களை மீள அழைக்குமாறு கோரியது. நிறுவனமோ, நாளடைவில் தேய்வது அப்பாகத்தின் இயல்பு என வாதிட்டது. எனினும் 2021 பெப்ரவரியில் 2018 தொடக்கம் வரையிலான ஏறத்தாழ 1,35,000 கார்களை மீள அழைத்து, நினைவகத்தை இலவசமாக மாற்றிக்கொடுக்க இணங்கியது. முன்னரே தம் சொந்தப் பணத்தில் பழுதுபார்த்தவர்களுக்கு அப்பணம் திருப்பி வழங்கப்பட்டது.

இலவசமாகக் கிடைத்தது நினைவகம் மாத்திரமே. கணினியை முழுமையாகப் புதியதாக மாற்ற விரும்பியவர்களிடம் 2020இல் 2,500 டொலரும், பின்னர் குறைக்கப்பட்டு 1,500 டொலரும் அறவிடப்பட்டன. மாற்றிய பின் திரை விரைவாக இயங்கியது. படம் பார்க்கும் வசதிகள் சேர்ந்தன. ஆனால் அதுவரை காரில் இருந்த வானொலி இல்லாமற் போனது. வானொலி வேண்டுமாயின் மேலும் 500 டொலர் செலுத்த வேண்டும் என்ற நிலை பின்னர் உருவானது. தரமுயர்த்தல் என்ற பெயரில் ஒன்றைப் பெறும்போது மற்றொன்றை இழக்கவும் நேரிடலாம் என்பதற்கு இது சான்றாகும்.

மூப்பு வேறொரு வழியாலும் வருகின்றது. கைத்தொலைபேசி வழியாகக் காரின் மின்னேற்ற அளவைப் பார்க்கவும், ஏறுவதற்கு முன்னரே அதனைக் குளிரூட்டவும் லீஃப் கார்களில் வசதி இருந்தது. பிரித்தானியாவில் பழைய லீஃப் கார்களுக்கான அச்சேவையை, 2ஜி வலையமைப்பு மூடப்படவிருப்பதைக் காரணங்காட்டி 2024 ஏப்ரலில் நிசான் நிறுத்தியது. காரில் பழுதில்லை, உரிமையாளரிடத்திலும் தவறில்லை. ஆயினும் விலை கொடுத்துப் பெற்ற வசதியொன்று ஒரே நாளில் இல்லாமற் போனது.

நமது நாட்டில் மூன்றாவது சிக்கலொன்றும் உண்டு. இங்கு ஓடும் கார்களிற் கணிசமானவை ஜப்பானிய மக்களுக்கெனத் தயாரிக்கப்பட்டவை. அவற்றின் திரையில் தோன்றுவது ஜப்பானிய எழுத்து. காட்டப்படுவது ஜப்பானின் வரைபடம். அங்கு பண்பலை வானொலி 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி நமது அலைவரிசைகள் பலவற்றுக்குக் கீழேயே முடிந்துவிடுவதால், இங்குள்ள வானொலிகளில் பல அப்பெட்டியில் கேட்பதில்லை. ரொயோட்டா கார்கள் சிலவற்றில் பற்றரியைக் கழற்றி மாட்டினால் திரை பூட்டிக்கொண்டு இரகசிய இலக்கம் கேட்கும். ஆக, நமது உரிமையாளர் பலரின் காரில் நடுத்திரைக் கணினி முதல் நாளிலிருந்தே அரைப் பயனைத்தான் தருகின்றது.

இதற்குப் பரிகாரமாகப் பலரும் நாடுவது, சந்தையில் அன்ட்ரொய்ட் பிளேயர் எனப்படும் புதிய திரைப்பெட்டியாகும். சாதாரண பெற்றோல் காருக்கு அது எளிதிற் பொருந்திவிடும். மின்சாரக் காருக்குப் பொருத்துபவர் சில விடயங்களை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

முதலாவது, பழைய பெட்டியோடு சேர்ந்து எந்த வசதிகள் போய்விடும் என்பது. மின்னேற்ற நேரக் குறிப்பு, சக்திப் பயன்பாட்டு விபரம் என்பன பழைய திரையோடு பிணைந்திருப்பின், புதிய பெட்டி அவற்றைக் காட்டாது. சுக்கானிலுள்ள பொத்தான்களும் உரிய இணைப்புப் பெட்டி இல்லாவிடின் இயங்கமாட்டா. கழற்றிய பழைய பெட்டியை வீசிவிடாது பாதுகாத்து வைப்பது நன்று.

இரண்டாவது, மின்னழுத்தம். நிசான் கார்களின் மூலக் கமராக்கள் 6 வோல்ற் மின்னழுத்தத்தில் இயங்குபவை. புதிய பெட்டியோடு அவற்றை 12 வோல்ற்றில் நேரடியாக இணைத்தால் கமரா எரிந்துபோகும். தவிரவும், செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகள் பெரிய பற்றரியின் உயர் மின்னழுத்தத்தைக் கொண்டு செல்பவை. முதல் தலைமுறை லீஃபில் அது ஏறத்தாழ 360 வோல்ற்றாகும். பயிற்சி பெறாதோர் அவற்றைத் தொடுவது உயிராபத்தானது.

மூன்றாவது, சிறிய பற்றரி. மின்சாரக் காரிலும் 12 வோல்ற் பற்றரி ஒன்று உண்டு. திரையும் விளக்குகளும் அதிலிருந்தே சக்தி பெறுகின்றன. பெரிய பற்றரியை மோட்டாருடன் இணைக்கும் ஆளிகளைத் தொழிற்படுத்துவதும் அதுவே. புதிய பெட்டி சரியாக இணைக்கப்படாமல், கார் நிறுத்தப்பட்ட பின்னரும் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால் சிறிய பற்றரி வடிந்துவிடும். பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் மறுநாட் காலையில் கார் அசையாது.

நான்காவது, செலவின் முன்னுரிமை. முதல் தலைமுறை லீஃபின் பற்றரி 24 கிலோவோற்மணிக் கொள்ளளவு கொண்டது. அதற்குக் குளிரூட்டும் பொறிமுறை கிடையாது. ஆதலால் வெப்பமான நாட்டில் விரைவாகத் தளர்கின்றது. சாரதியின் முன்னாலுள்ள மானியில் பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் ஒன்று மறைந்தாலே ஏறத்தாழ 15 வீதக் கொள்ளளவு குறைந்துவிட்டது என்பது பொருள். காரின் பரிசோதனைத் துளையில் சிறிய புளூடூத் கருவியொன்றைப் பொருத்தி, லீஃப் ஸ்பை என்ற கைத்தொலைபேசிச் செயலி மூலம் பற்றரியின் உடல்நிலையை அறியலாம். ஆயினும் கணினியிலுள்ள கணக்கை மீளமைத்து நல்ல நிலை போலக் காட்டவும் முடியுமாதலால், முழுமையாக மின்னேற்றிக் கணிசமான தூரம் ஓட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனையாகும். பற்றரி தளர்ந்த காருக்குப் புதிய திரை வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டுக்கு வர்ணம் பூசுவதை ஒத்ததாகும்.

இவ்விடயம் தலைநகரவாசிகளைக் காட்டிலும் நமது பிரதேசத்தவரையே கூடுதலாகப் பாதிக்கும். போரதீவுப்பற்று பிரதேச செயலகம் அமைந்துள்ள வெல்லாவெளியை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, வயலும் குளமும் சூழ்ந்த படுவான்கரை ஊர் அது. அங்கிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்கும், பின்னர் மட்டக்களப்பு நகருக்கும் சென்று இருட்டுவதற்குள் திரும்ப வேண்டிய ஆசிரியருக்கோ தாதிக்கோ, கார் இன்னும் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பது பொழுதுபோக்குத் தகவலன்று. யானை நடமாடும் வீதியில் இரவில் நின்றுபோன காருக்குள் இருப்பது எத்தகையது என்பதைப் படுவான்கரை மக்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. கொழும்பில் இருப்பவர் முகவர் நிலையத்தை அரைமணி நேரத்தில் அடைந்துவிடுவார். வெல்லாவெளியில் இருப்பவருக்கு அந்நிலையம் முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. பற்றரி தளர்ந்த மின்சாரக் கார் அவ்வளவு தூரத்தைத் தானாக ஓடிக் கடப்பதும் இலகுவன்று.

எனவே பழுதுபார்க்கும் அறிவு நம் பக்கத்திலேயே வளர வேண்டும். காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் வாகன மின்வேலையில் கைதேர்ந்த தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் இருக்கின்றனர். கைத்தொலைபேசியின் நுண்ணிய பாகங்களை மாற்றத் தெரிந்த கைகளுக்குக் காரின் நினைவகத்தை மாற்றுவது எட்டாத வித்தையன்று. அவர்களுக்குத் தேவைப்படுவது முறையான பயிற்சியும், உயர் மின்னழுத்தப் பாதுகாப்புச் சான்றிதழும், தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தகவல்களுமாகும். மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியும் தொழிற்பயிற்சி நிலையங்களும் மின்சார வாகனப் பராமரிப்பை முக்கிய பாடமாகக் கொள்ள வேண்டும் என வலியுறுத்த விரும்புகின்றோம்.

தகவல் பெறும் உரிமையைச் சட்டத்தின் மூலம் பெற முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநில மக்கள் 2020 நவம்பர் வாக்கெடுப்பில், காரின் கணினித் தரவுகளைச் சுயாதீனப் பழுதுபார்ப்போரும் பெறும் உரிமையைப் பெரும்பான்மை வாக்குகளால் ஆதரித்தனர். நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, பொருட்கள் பற்றிய விபரங்களை வெளியிடுமாறு வணிகர்களைப் பணிக்கும் அதிகாரம் உள்ளது. மின்சாரக் கார் ஒன்று விற்கப்படும்போது பற்றரியின் நிலை, திரையின் மொழி, மென்பொருள் ஆதரவு நீடிக்கும் காலம், உதிரிப்பாகம் கிடைக்கும் இடம் என்பன தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தில் வழங்கப்பட வேண்டும் என அச்சபை பணிப்பதில் தடையேதும் இருக்க முடியாது. புதிய மின்சாரக் கார்கள் இப்போது துறைமுகத்தில் வந்திறங்குகின்றன. அவையும் பத்து ஆண்டுகளில் பழைய கார்களாகும். விதிகளை வகுப்பதற்கு உகந்த வேளை இதுவே.

சட்டம் வரும்வரை காத்திராமல் விற்பவர்களும் தம் கடமையைச் செய்யலாம். பொருளின் குறையை மறைத்து விற்பதை இஸ்லாமிய வணிக நெறி தடுப்பதோடு, அவ்வாறு விற்கப்பட்டதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் வாங்குபவருக்கு அளிக்கின்றது. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகம் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. கிழக்கில் பக்கத்துப் பக்கத்தே கடை வைத்து வாழும் இரு சமூகத்தவருக்கும் இது பழகிய அறமே. பற்றரியின் உண்மை நிலையை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு விற்பவருக்கு அதிகம் செலவாகப் போவதில்லை. பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்துக் கார் வாங்கும் குடும்பத்துக்கோ அத்தாளின் பெறுமதி பெரிது.